குளோஸ்டர்மான்: 33 விமானங்களா, 432 பறப்புகளா?

நீலகண்டன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பக்கத்து இழையில் இரண்டாம் உலகப் போரின் விமானிகளை, சுட்டு வீழ்த்திய எதிரி விமானங்களின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டிருந்தார்கள். பிரான்ஸுக்கு நேராக "பியர் குளோஸ்டர்மான், 33" என்று ஒரே ஒரு வரி. அந்த மனிதரை ஒரு வரியோடு விட எனக்கு மனம் வரவில்லை. பல வருடங்களாக அவரைப் பற்றிப் படித்து வருகிறேன். அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது பிரான்ஸில் அல்ல. 1921 பிப்ரவரி 28 அன்று பிரேசிலின் குரிச்சிபா நகரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுத் தூதரகப் பணியில் இருந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. படிக்க மட்டும் பாரீஸுக்கு அனுப்பினார்கள். பதினாறு வயதிலேயே, 1937-ல், பிரேசிலில் விமானம் ஓட்டும் உரிமம் வாங்கிவிட்டார். 1939-ல் போர் தொடங்கியதும் படையில் சேர விண்ணப்பித்தார். பிரெஞ்சு அதிகாரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. சரி என்று கலிபோர்னியாவுக்குப் போய் விமானப் பொறியியல் படித்தார். அங்கே இருக்கும்போதுதான் 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது.

அவர் நினைத்திருந்தால் அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். படிப்பு இருந்தது, உரிமம் இருந்தது, பிறந்த நாடு பிரேசில். யாரும் வற்புறுத்தி அழைக்கவில்லை. ஆனால் 1942 மார்ச்சில், சரணடைய மறுத்து இங்கிலாந்திலிருந்து போரைத் தொடர்ந்த ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரெஞ்சு விமானப்படையில் போய்ச் சேர்ந்தார். பிரிட்டிஷ் விமானப்படையின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி. 1943 ஜனவரியில் சார்ஜன்ட்டாக 341-ம் ஸ்குவாட்ரனுக்கு, அதாவது போர் விமானப் பிரிவுக்கு, வந்தார். அதன் பெயர் "அல்சாஸ்". பிரெஞ்சுக்காரர்களின் பிரிவு, ஆனால் பிரிட்டிஷ் படையின் கட்டளைக்குக் கீழ். விமானம் ஸ்பிட்ஃபயர். லண்டனுக்குத் தெற்கே பிக்கின் ஹில் தளத்திலிருந்து பறந்தார்கள்.

அவருடைய பெற்றோர் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், கடல் தாண்டி இருந்தார்கள். கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும், தணிக்கை வேறு. அதனால் ஒவ்வொரு நாளும் நடந்ததைத் தடித்த நோட்டுப் புத்தகங்களில் அவர்களுக்காக எழுதி வைத்தார். நான் திரும்பாமல் போனால் இதாவது அவர்கள் கைக்குப் போகட்டும் என்பது எண்ணம். அந்த நோட்டுகள்தான் 1948-ல் "பெரும் சர்க்கஸ்" என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பில் புத்தகமாக வந்தன. இலட்சக்கணக்கில் விற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

1943 ஜூலை 27 அன்று முதல் வெற்றி. ஒரே பறப்பில் இரண்டு ஜெர்மன் ஃபோக்கவுல்ஃப் 190 விமானங்கள். அங்கிருந்து அந்த 33-க்கு எப்படிப் போனார் என்பதைப் பகுதி பகுதியாக எழுதுகிறேன்.

---

இரும்புக்குதிரை எழுதியது:

நல்ல தொடக்கம் நீலகண்டன். ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சண்டை போல் ஆகிவிடும். 33 என்ற எண் நிற்காது.

அந்த 33-லேயே தனியாக வீழ்த்தியவை 19, மற்றவர்களோடு சேர்ந்து வீழ்த்தியவை 14 என்று பிரித்துச் சொல்கிறார்கள். தரையில் நின்ற விமானங்களைச் சுட்டதும் அதில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருடைய சண்டை அறிக்கைகளையும் ஸ்குவாட்ரன் பதிவேடுகளையும் பின்னாளில் வரிசையாக வைத்துப் பார்த்தவர்கள் உறுதியாக ஏற்பது 11. இன்னும் சில சேர்த்தாலும் 15 முதல் 18 வரைதான் வருகிறது. அதாவது பட்டியலில் போட்ட எண்ணில் கிட்டத்தட்ட பாதி.

புத்தகத்திலும் தடுமாற்றங்கள் உண்டு. ஜெர்மன் விமானி வால்ட்டர் நொவோட்னி இறந்த செய்தியை 1945 மார்ச் மாதத்துப் பகுதியில் எழுதியிருக்கிறார். நொவோட்னி இறந்தது 1944 நவம்பர் 8. நான்கு மாத வித்தியாசம். அன்றன்று எழுதிய நாட்குறிப்பு என்றால் இந்தப் பிழை எப்படி வரும்? பின்னால் உட்கார்ந்து சேர்த்து எழுதியிருக்கிறார் என்றுதானே ஆகிறது?

அவரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. ஆனால் பட்டியல் போடும் இடத்தில் சரியான எண் இருக்க வேண்டும்.

---

செண்பகம் டீச்சர் எழுதியது:

எனக்குப் போர் விமானம் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஒரு விமானம் விழுந்தால் விழுந்ததுதானே? அதில் எப்படி 33-ம் 11-ம் ஆகிற அளவுக்குக் குழப்பம் வரும்? துப்பாக்கியோடு கேமரா இருந்தது என்று எங்கோ படித்தேனே. அப்படியென்றால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், அதனால் கேட்கிறேன்.

---

ஓய்வுபெற்ற தரைப்படலம் எழுதியது:

டீச்சர், நான் இந்திய விமானப்படையில் தரைப் பணியில் இருபது வருடம் இருந்தவன். விமானி அல்ல, ஆயுதப் பிரிவு. என்னால் முடிந்த வரை விளக்குகிறேன்.

முதலில் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்பிட்ஃபயர் 9 விமானத்தில் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள், ஒவ்வொன்றிலும் 120 குண்டுகள். விசையை அழுத்திப் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு முழுப் பறப்புக்கும் அவ்வளவுதான். இரண்டு விமானங்களும் மணிக்கு 500, 600 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிக்கொண்டும் புரண்டுகொண்டும் போகும். எதிரி உங்கள் பார்வையில் நேராக வந்து நிற்பது இரண்டு வினாடி, மூன்று வினாடி.

சுட்டாயிற்று, அவன் கறுப்புப் புகை விட்டுத் தலைகீழாகக் கீழே போகிறான். விழுந்தானா? தப்பிக்கிற விமானி இயந்திரத்தை முழு விசைக்குத் தள்ளினாலே புகை வரும். ஜெர்மானியர்கள் தப்பிப்பதற்குச் செய்வதே அதுதான், குப்புறப் புரண்டு செங்குத்தாக இறங்கி மேகத்துக்குள் போய்விடுவார்கள். பின்னாலேயே போய்த் தரையில் மோதுகிற வரை பார்த்தால் தெரியும். ஆனால் அப்படிப் போகிறவன் முதுகில் இன்னொருவன் வந்து உட்கார்ந்துவிடுவான். விழுந்ததைப் பார்க்க நிற்கிறவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது எல்லா விமானிகளுக்கும் சொல்லிக் கொடுத்த பாடம்.

கேமரா இருந்தது, உண்மைதான். துப்பாக்கி சுடும்போது ஓடும். குண்டு பட்டதை அது காட்டும். அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதைப் பெரும்பாலும் காட்டாது. மேலும் ஒரே விமானத்தை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து சுட்டிருப்பார்கள், இரண்டு பேருமே நான்தான் வீழ்த்தினேன் என்று நேர்மையாகவே நம்புவார்கள்.

இன்னொன்று. கணக்கு வைக்கிற முறையே நாட்டுக்கு நாடு வேறு. இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் பிரிட்டிஷ் படையில் ஆளுக்கு அரை. பிரெஞ்சு மரபில் ஆளுக்கு ஒன்று. பிரெஞ்சுக்காரராக இருந்து பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனில் பறந்த ஒருவரின் கணக்கு இரண்டு பேரேட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

போரில் இருந்த எல்லா நாட்டு விமானப்படைகளும் உண்மையில் விழுந்ததைவிட அதிகமாகத்தான் எண்ணின. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

---

நீலகண்டன் எழுதியது:

தரைப்படலம் ஐயாவுக்கு நன்றி. இவ்வளவு தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இரும்புக்குதிரை, நீங்கள் சொன்ன எண்களை நான் ஏற்கிறேன். 11-ஓ 18-ஓ, அதில் எனக்குச் சண்டை இல்லை. நொவோட்னி பிழையும் உண்மைதான். நோட்டுகளைப் புத்தகமாக்கும்போது கை வைத்திருக்கிறார், நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கேள்வி வேறு. இந்த அளவுக்குச் சர்ச்சை வராத ஓர் எண் அவர் வாழ்க்கையில் இருக்கிறதே, அதை ஏன் யாரும் பட்டியலில் போடுவதில்லை? 432. அத்தனை முறை அவர் போர்ப் பறப்புக்குக் கிளம்பினார். அத்தனை முறை அந்தக் குறுகிய இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, திரும்ப வருவோமா என்று தெரியாமல் ஓடுதளத்தை விட்டு எழும்பினார். எதிரி விமானம் கண்ணில் பட்டது அதில் சொற்பம். சுட்டு வீழ்த்தியது அதைவிடச் சொற்பம். மீதி நாட்கள் எல்லாம் என்ன என்பதுதான் அவர் நோட்டுகளில் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி தூக்கம் வராதது, சாப்பாட்டு மேசையில் காலியான நாற்காலி, கிளம்புவதற்கு முன் வயிற்றைப் பிசைவது. தன் பயத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதிய போர் வீரர்கள் குறைவு.

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 1943 ஆகஸ்ட் 27.

341-ன் தலைவர் ரெனே முஷோத். அவர் கதையே தனி இழை போடத் தகும். 1940 ஜூனில் பிரான்ஸ் சரணடைந்தபோது, பிரான்ஸ் ஆண்டுகொண்டிருந்த அல்ஜீரியாவில் ஓரான் நகருக்கு அருகே உள்ள தளத்தில் இருந்தார். விமானம் எதுவும் கிளம்பக் கூடாது என்று உத்தரவு. ஜூன் 30 விடியற்காலையில் சில நண்பர்களோடு ஒரு இரட்டை இயந்திர கோலாண்ட் விமானத்தில் ஏறிக் கிளம்பிவிட்டார். யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று காற்றாடியின் கோணம் மாற்றும் பொறியைக் கெடுத்து வைத்திருந்தார்கள். விமானம் எழும்பவே மறுக்கிறது. ஓடுதளம் முடிகிற இடத்தில் எப்படியோ தரையை விட்டு, ஜிப்ரால்டர் போய் இறங்கினார்கள். கூடவே வந்த ஷார்ல் கெரேன் 1941 மே மாதம் கடலில் விழுந்து இறந்தார். இன்னொரு நண்பர் ஹென்றி லஃபோன் 2011 வரை வாழ்ந்தார்.

முஷோத் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் ஒன்றுக்கே தலைவராகி, பிறகு 341-ஐ உருவாக்கினார். 1943 மே 15 அன்று பிக்கின் ஹில் தளத்தின் ஆயிரமாவது வெற்றி பதிவானது. அது அவருக்கும் ஜாக் சார்ல்ஸ் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரிக்கும் பங்கு. லண்டனில் பெரிய விருந்தே நடந்தது. ஆனால் அவரும் நாட்குறிப்பு எழுதியவர். கடைசி வாரங்களில் அதில் இருப்பது களைப்பு. உடம்பு சொன்னதைக் கேட்கவில்லை என்கிற களைப்பு. மூன்று வருடமாக ஓயாமல் பறந்தவர்.

அன்று "பறக்கும் கோட்டை" எனப்படும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் 180-க்கும் மேல் வடபிரான்ஸில் சாந்தோமேர் அருகே எப்பெர்லெக் காட்டில் ஜெர்மானியர்கள் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் கான்கிரீட் பதுங்குதளத்தைத் தாக்கப் போயின. அவற்றுக்குக் காவலாக 341. குளோஸ்டர்மான் எழுதியிருப்பதன்படி முஷோத்துக்குப் பக்கத்துணையாகப் பறந்தவர் அவர்தான். ஜெர்மன் விமானங்கள் பாய்ந்தன, கூட்டம் சிதறியது, இருவரும் பிரிந்தார்கள். ரேடியோவில் முஷோத்தின் குரல் ஒருமுறை கேட்டது. "நான் தனியாக இருக்கிறேன்." அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. சார்ஜன்ட் மாக்ரோவும் அன்று திரும்பவில்லை.

முஷோத்தின் உடலை செப்டம்பர் 3 அன்று பெல்ஜியத்தின் மிடில்கெர்க்கே கடற்கரையில் அலை கொண்டுவந்து போட்டது. அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்புதான் இருபத்தொன்பது வயது முடிந்திருந்தது.

பட்டியல் கணக்கில் இந்த நாளுக்கு எந்த இடமும் இல்லை.

---

பாரீஸ் ரயில் பயணி எழுதியது:

நீலகண்டன், இதைப் படித்துவிட்டு ரயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாரீஸ் 14-ம் வட்டத்தில் மோம்பர்நாஸ் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. கமாண்டன்ட் ரெனே முஷோத் தெரு. ஒன்பது வருடமாக அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். பெயர்ப்பலகையைத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாள்கூட யார் இவர் என்று கேட்டதில்லை.

அங்கே உயரமான அடுக்குமாடிகள், பெரிய ஹோட்டல், எப்போதும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற கூட்டம். நானும் அதில் ஒருத்தி. நாளைக்கு நின்று பார்க்கிறேன்.

அவர் உடலை 1949-ல் பாரீஸுக்குக் கொண்டுவந்து பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள் என்று இப்போதுதான் தேடித் தெரிந்துகொண்டேன். அங்கேயும் போக வேண்டும்.

---

இரும்புக்குதிரை எழுதியது:

மனதைத் தொடும்படி எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்துணை விமானியின் வேலையே தலைவரின் முதுகைக் காப்பதுதான். தான் சுடுவது இரண்டாம் பட்சம். அன்று முஷோத் தனியாக விடப்பட்டார் என்றால், அந்தக் கேள்வி குளோஸ்டர்மானைத்தானே சேரும்? சில வாரங்களில் அவர் 341-ஐ விட்டு 602-ம் ஸ்குவாட்ரனுக்குப் போய்விட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற தரைப்படலம் எழுதியது:

தம்பி, நியாயமான கேள்வி. ஆனால் பக்கத்துணை என்றால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது அல்ல. பின்னாலிருந்து உங்களைச் சுடுகிறார்கள் என்றால் நீங்கள் திரும்பியே ஆக வேண்டும். அரை வட்டம் அடித்து நிமிர்வதற்குள் தலைவர் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பார். வானம் நிறைய விமானம் இருந்த இடம் அடுத்த நிமிடம் காலியாக இருக்கும். இதை எல்லா விமானிகளும் சொல்வார்கள். பணியில் இருந்தபோது மூத்த விமானிகள் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். தன் தலைவரை இழந்த துணை விமானி பிறகு எத்தனை வருடம் வாழ்ந்தாலும் அந்த ஒரு திருப்பத்தைத் தனக்குள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

குளோஸ்டர்மான் அந்தப் பக்கத்தை மறைக்காமல் எழுதினாரே. முஷோத்தின் கடைசிக் குரலை உலகத்துக்குச் சொன்னதே அவர்தான். பழி வரும் என்று தெரிந்தும் சொன்னார். எனக்கு அது போதும்.

---

டீசல் வாசனை எழுதியது:

நான் இயந்திரப் பக்கம் மட்டும் பேசுகிறேன், அனுமதி கொடுங்கள். 602-ல் ஸ்பிட்ஃபயர் ஓட்டி, 1944 ஜூன் மாதம் நார்மண்டியில் அவசரமாகப் போட்ட மண் ஓடுதளத்தில் இறங்கினார். பிரெஞ்சு மண்ணைத் திரும்ப மிதித்த முதல் பிரெஞ்சு விமானிகளில் ஒருவர், கூட நண்பர் ஜாக் ரெம்லிங்கர். அந்த ஓடுதளங்களின் தூசி பேர்போனது. இயந்திரங்கள் தூசியைக் குடித்துப் பாழாகின, வடிகட்டி போட்ட பிறகுதான் சரியானது.

ஆனால் நான் பேச வந்தது டெம்பஸ்ட் பற்றி. இடையில் சில மாதம் அலுவலகப் பணியில் இருந்துவிட்டு, போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாக்கர் டெம்பஸ்ட் ஓட்ட வந்தார். அந்த விமானத்தின் இதயம் நேப்பியர் சேபர் இயந்திரம். 24 சிலிண்டர், ஆங்கில எழுத்து எச் வடிவில் அடுக்கியது, 2,000 குதிரைத்திறனுக்கு மேல். வழக்கமான வால்வு கிடையாது, சிலிண்டருக்குள்ளேயே ஓர் உருளை மேலும் கீழும் சுழன்று துளைகளைத் திறந்து மூடும். அருமையான யோசனை. ஆனால் அந்த உருளைகளைச் சரியாகக் கடைந்தெடுக்க ஆரம்பத்தில் தெரியவில்லை, வளைந்து போய் இயந்திரம் இறுகிவிடும். பிரிஸ்டல் நிறுவனத்தின் முறை வந்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும். இதே இயந்திரம் வைத்த டைஃபூன் பிரிவுகளில் தரை ஆட்கள் ராத்திரி முழுக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஓட்டிச் சூடாக்கி வைத்தார்கள். அந்தத் தரை ஆட்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு பலவீனம் மூக்குக்குக் கீழே தொங்குகிற ரேடியேட்டர். தாழப் பறந்து ரயிலைத் தாக்கப் போகிறீர்கள், ஒரே ஒரு துண்டு அதில் பட்டால் குளிர்நீர் கொட்டிவிடும், சில நிமிடத்தில் இயந்திரம் நின்றுவிடும். கீழே ஜெர்மனி. குளோஸ்டர்மான் கணக்கில் 72 ரயில் இன்ஜின்கள் என்று போட்டிருக்கிறார்கள். பல ரயில்களில் காவலாக விமான எதிர்ப்புத் துப்பாக்கி வண்டி சேர்ந்தே ஓடும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குவது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு மெக்கானிக்காக நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கிறது.

---

ஓய்வுபெற்ற தரைப்படலம் எழுதியது:

டெம்பஸ்ட் என்ற பெயரைக் கேட்டதும் பழைய ஞாபகம். நம் இந்திய விமானப்படையும் டெம்பஸ்ட் வைத்திருந்தது, 1947 காஷ்மீர்ப் போரில் அதுவும் பறந்தது. ஆனால் நம்முடையது டெம்பஸ்ட் 2. அதில் சேபர் கிடையாது, வட்ட வடிவ சென்டாரஸ், காற்றிலேயே குளிரும். டீசல் சொன்ன ரேடியேட்டர் தொல்லை நமக்கு இல்லை. நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அவை போய்விட்டன, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

---

நீலகண்டன் எழுதியது:

டீசல் எழுதியது இந்த இழைக்கே அழகு சேர்த்துவிட்டது. அங்கிருந்து தொடர்கிறேன்.

1945-ன் முதல் மாதங்கள்தான் அவர் வாழ்க்கையின் மிகக் கொடிய பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. நெதர்லாந்தின் ஃபோல்கெல் தளம். 274, பிறகு 56, பிறகு 3-ம் ஸ்குவாட்ரன். ஜெர்மானியர்களிடம் அப்போது மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் வந்துவிட்டது. வானத்தில் அதைத் துரத்திப் பிடிக்க எந்த விமானத்தாலும் முடியாது. அதனால் அவை தரையிறங்கும் நேரம் பார்த்து ஜெர்மனியின் ரைனே போன்ற தளங்களின் மேலேயே போய்த் தாக்குவது என்று ஏற்பாடு. அதைத் தெரிந்துகொண்ட ஜெர்மானியர்கள் ஓடுதளத்தின் இரு பக்கமும் நான்குகுழல் துப்பாக்கிகளை வரிசையாக நட்டுவிட்டார்கள். அந்தச் சந்துக்குள் நுழைந்தவர்களில் பலர் வெளியே வரவில்லை.

மார்ச் 24 அன்று அவர் காலிலும் குண்டுத் துண்டு பாய்ந்தது. சிதைந்த விமானத்தை வயிற்றால் தரையில் இறக்கினார். ஒரு வாரம் மருத்துவமனை. ஏப்ரல் 8 அன்று 3-ம் ஸ்குவாட்ரனில் ஒரு பிரிவுக்கே தலைவர். அவர் விமானத்தின் பெயர் "லெ கிராண் ஷார்ல்", பெரிய சார்ல்ஸ், தெ கோலைக் குறிக்கிற பெயர். அப்போது வயது இருபத்து நான்கு.

---

கொற்றவை எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போருக்குப் பின்னால் அவர் செய்ததையும் பேச வேண்டாமா?

1946-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார், 1973 வரை பல முறை உறுப்பினர். தெ கோலின் ஆள். விமானத் தொழிலிலும் இருந்தார். அதெல்லாம் சரி. 1956-ல் தானாக மீண்டும் படையில் சேர்ந்து அல்ஜீரியாவில் பறந்தார். தன் நாட்டை வேறொருவன் ஆக்கிரமித்தபோது கடல் தாண்டி வந்து போரிட்டவர், இன்னொரு நாட்டை ஆள்கிற படையில் போய் நின்றது எனக்கு உறுத்துகிறது. அல்ஜீரியர்களும் அவர்கள் மண்ணுக்காகத்தானே போராடினார்கள்?

பிறகு 1982-ல் ஃபாக்லாந்து போர். பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கிய அர்ஜென்டினா விமானிகளின் துணிச்சலைப் பாராட்டி எழுதினார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. அவர் மார்பில் பிரிட்டிஷ் பதக்கம் இருந்தது, அந்தக் கப்பல்களில் செத்தது அவர் தோழர்களின் பிள்ளைகள் வயதுப் பையன்கள்.

ஒரு மனிதரை முழுசாகப் பார்க்கிறோம் என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

---

நீலகண்டன் எழுதியது:

கட்டாயம் பார்க்க வேண்டும் கொற்றவை. அல்ஜீரியா விஷயத்தில் உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு. அவர் அங்கே ப்ரூசார் என்ற சின்னக் கண்காணிப்பு விமானத்தில் பறந்தார், அந்த அனுபவத்தையும் புத்தகமாக எழுதினார். ஆனால் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அது மாற்றாது. 1942-ல் அவர் எடுத்த முடிவை நான் எவ்வளவு மதிக்கிறேனோ, அந்த அளவுக்கு 1956-ல் எடுத்ததை ஏற்க முடியவில்லை.

ஃபாக்லாந்து பற்றி மட்டும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அலைமேல் உரசிக்கொண்டு போய்ப் போர்க்கப்பல் மீது குண்டு போடுவது, எல்லாத் துப்பாக்கியும் உங்களையே பார்ப்பது, இது என்ன என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். தாழப் பறந்து துப்பாக்கிகளுக்கு நேரே போவதை அவர் செய்தவர். அந்தப் பையன்களைப் பார்த்தபோது தன் ஸ்குவாட்ரன் நினைவுக்கு வந்திருக்கும். போர் நியாயமா என்பது ஒரு கேள்வி, அதில் பறந்தவன் துணிந்தவனா என்பது வேறு கேள்வி. ஜெர்மானியனான நொவோட்னியைப் பற்றியும் அவர் மரியாதையோடுதான் எழுதினார், போர் முடிந்து மூன்றே வருடத்தில். அந்தக் குணம் அவரிடம் கடைசி வரை மாறவில்லை.

---

கொற்றவை எழுதியது:

செத்தவர்களின் அம்மாக்கள் இருக்கிற நேரத்தில் பாராட்டியதுதான் எனக்கு ஆகவில்லை. பத்து வருடம் கழித்துச் சொல்லியிருந்தால் யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நொவோட்னி உதாரணம் யோசிக்க வைக்கிறது. இதை இப்படியே விடுகிறேன்.

---

இரும்புக்குதிரை எழுதியது:

பட்டியல் இழையில் என் பெயரில் ஒரு திருத்தம் போட்டுவிட்டேன். "பியர் குளோஸ்டர்மான், 432 போர்ப் பறப்புகள், வீழ்த்தியவை 11 முதல் 18 வரை, மரபான கணக்கு 33." மற்ற நாட்டு விமானிகளுக்கும் பறப்பு எண்ணிக்கையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கிடைக்கிறவர்களுக்குச் சேர்ப்போம்.

---

செண்பகம் டீச்சர் எழுதியது:

நேற்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "போர் முடிஞ்ச அன்னைக்கு அவர் என்ன பண்ணினார் டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

நீலகண்டன் எழுதியது:

டீச்சர், அந்த நாளை விட்டு நான்கு நாள் தள்ளிச் சொல்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

1945 மே 8-ல் ஐரோப்பாவில் போர் முடிந்தது. மே 12 அன்று ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரின் மேல் வெற்றி அணிவகுப்பு. டெம்பஸ்ட்கள் நெருக்கமாக அணி வகுத்துப் பறந்தன. எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது. பக்கத்தில் பறந்த ஒரு விமானம் மோதியது. நான்கு விமானங்கள் ஒன்றோடொன்று இடித்து நொறுங்கின. குளோஸ்டர்மான் மிகத் தாழ்வான உயரத்தில் வெளியே குதித்தார். தரைக்குச் சில மீட்டர் இருக்கும்போதுதான் பாராசூட் விரிந்தது. அவர் பிழைத்தார். மற்ற மூன்று பேரும் இறந்துவிட்டார்கள். போர் முழுவதையும் தாண்டி வந்தவர்கள், சமாதானம் வந்த நான்காம் நாள்.

அதன் பிறகு அறுபது வருடம் வாழ்ந்தார். ஆழ்கடலில் தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிப்பதில் அவருக்கு அத்தனை ஆசை, அதைப் பற்றியும் எழுதினார். 2006 மார்ச் 22 அன்று ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரெனே மலையடிவாரத்தில் காலமானார். வயது 85.

---

பாரீஸ் ரயில் பயணி எழுதியது:

இன்று காலை ஒரு ரயில் முன்னாலேயே வந்து, அந்தத் தெருவில் பெயர்ப்பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். பூ வாங்கிக்கொண்டு போயிருந்தேன், வைக்க இடம் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பெர் லாஷேஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். என் பையனும் வருகிறான். அவனுக்கு ஓரான் விமானக் கதையைச் சொன்னேன், காற்றாடி சரியாக இல்லாமல் எப்படிம்மா பறந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். டீசல் அண்ணா, அதை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர முடியுமா?

---

டீசல் வாசனை எழுதியது:

எழுதுகிறேன் அம்மா. மிதிவண்டியில் பெரிய கியரைப் போட்டு நின்ற இடத்திலிருந்து மேட்டில் ஏறச் சொல்லுங்கள், அவனுக்குப் பாதி அப்போதே தெரிந்துவிடும். மீதியை இன்று ராத்திரி படம் போட்டு இங்கேயே போடுகிறேன்.